வானுக்கு வேலி

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று வழிப்போக்கர் கேட்டால், நம் நாட்டுப்புறத்தார் இரு வகையாக விடை சொல்வது வழக்கம். "மூன்று கல் தொலைவு" என்பார் ஒருவர். "சில நாழிகை நடை" என்பார் மற்றொருவர். முதல் விடை நிலத்தை அளக்கிறது. இரண்டாவது விடை நடப்பவரின் காலத்தை அளக்கிறது. இவ்விரு அளவுகளும் என்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நிலம் நீளாதவரை நடையும் நீளாது அன்றோ?

இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய நிகழ்வு ஒன்று நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்கும் இடையே நேர்த் தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். 2019-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் விமானம் ஏறிய பயணி ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவை அடுத்த நரிட்டா விமான நிலையத்தில் இறங்கினார். 2022 மார்ச்சில் அதே பயணத்துக்கு ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. விமானத்தின் வேகம் குறையவில்லை. விமானியின் திறமையும் குன்றவில்லை. பூமி ஓர் அங்குலமும் விரியவில்லை. அப்படியானால், இரு நகரங்களுக்கும் நடுவே மூன்றரை மணி நேரத்தைக் கொண்டுவந்து வைத்தவர் யார்?

இது விமானத் துறையினர் மட்டும் விடை காண வேண்டிய கேள்வி அன்று. தூரம் என்பது நிலத்தின் இயல்பா, அல்லது மனிதர் தமக்கிடையே தாமே உண்டாக்கிக்கொள்வதா என்ற பழைய கேள்வி இதனுள் ஒளிந்திருக்கிறது. எனவே சற்று நின்று சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

முதலில் வழியைப் புரிந்துகொள்வோம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் அளவுகோல் வைத்து இணைத்தால், அக்கோடு நடு ஆசியாவின் குறுக்கே சாய்ந்து செல்லும். ஆனால் அதுவன்று குறுக்கு வழி. பள்ளிக்கூடத்தில் உள்ள பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் இரு முனைகளையும் அவ்விரு நகரங்களின்மேல் வைத்து இறுக இழுத்துப் பாருங்கள். நூல் வடக்கே வளைந்து, வடதுருவ வட்டத்தைத் தொட்டு, சைபீரியாவின் பரந்த வெளியைக் கடந்து கிழக்கே இறங்கும். உருண்டையின்மேல் மிகக் குறுகிய வழி அதுவே. அந்த நூலின் பெரும்பகுதி ரஷ்ய நாட்டு மண்ணின் மேலேயே கிடப்பதைக் காண்பீர்கள். ஆக, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு விடை, இடையிலே உள்ள மூன்றாம் நாடு வழி விடுகிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நெடுங்காலம் அந்நாடு வழி விடவில்லை. அன்று சோவியத் ஒன்றியமாக இருந்த அதன் வான்வெளி மேலை நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்வோர் மத்திய கிழக்கு, இந்தியா, தென்கிழக்கு ஆசியா எனத் தெற்கே சுற்றிப் பல இடங்களில் இறங்கி ஏறி, ஐம்பது மணி நேரத்தை ஒட்டிப் பயணம் செய்தனர். 1957-ஆம் ஆண்டு பெப்ரவரி 24-ஆம் நாள் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் ஒரு புதிய வழியைத் தொடங்கியது. கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட அதன் விமானம் வடதுருவத்தின் பக்கமாகப் பறந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோவை அடைந்தது. பயண நேரம் 32 மணி அளவாகக் குறைந்தது. பின்னர், 1983-ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் கூடுதல் எரிபொருள் கலன்கள் பொருத்திய டிசி-10 விமானத்தை ஹெல்சிங்கியிலிருந்து துருவ வழியாக எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்கு அனுப்பியது. அதற்கு ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று.

பனிப்போர் முடிந்தபின் சைபீரிய வானம் பரவலாகத் திறந்தது. பதின்மூன்று மணி நேரம் ஒன்பதரையாகச் சுருங்கியது. வடக்கு மூலையில் ஒதுங்கிக் கிடந்த ஹெல்சிங்கி, ஆசியாவுக்குச் செல்லும் ஐரோப்பியர் பலருக்கு மாறிச் செல்லும் துறையாக வளர்ந்தது. பிறகு 2022 பெப்ரவரி 24 வந்தது. உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. மூன்று நாட்களில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மறுநாள் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச் 9-ஆம் நாள் ஃபின்னேர் மீண்டும் டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியபோது, நார்வேயையும் ஸ்வால்பார்ட் தீவுகளையும் கடந்து, வடதுருவத்தின் வழியாக அலாஸ்கா பக்கம் சென்று, அங்கிருந்து ஜப்பானுக்கு இறங்கியது. காற்றின் போக்கைப் பொறுத்துச் சில நாட்களில் தெற்கே துருக்கி, ஜார்ஜியா, கசகஸ்தான், சீனா எனச் சுற்றியது. எப்படிச் சென்றாலும் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம்! 39 ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறியிருந்தும், பயணி 1983-க்கே திரும்பிச் சென்றுவிட்டார். துருவத்தைக் கடந்ததன் நினைவாகப் பயணிகளுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. உபசாரம் நன்றுதான், ஆயினும், அக்காகிதம் எதற்குச் சான்று என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். விமானப் பயண நேரம் மனிதரால் மட்டும் கூடுவதில்லை. வானில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்து ஓடும் காற்றாறுகள் உண்டு. கிழக்கே செல்லும் விமானத்துக்கு அவை துணை; மேற்கே திரும்பும் விமானத்துக்கு அவை தடை. எனவே போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. இதற்காக எவரும் காற்றின்மேல் குறை சொல்வதில்லை. மெய்யியலார் தீமையை இயற்கைத் தீமை என்றும் அறநெறித் தீமை என்றும் இரண்டாகப் பிரிப்பர். புயல் முதல் வகை. பகை இரண்டாம் வகை. இரண்டுமே நம் வழியை மறிக்கலாம். இரண்டினாலும் நாம் காலந்தாழ்ந்து வரலாம். ஆனால் முதலாவதை எதிர்கொள்ளப் பொறுமை போதும். இரண்டாவதோ நம்மைக் கேள்வி கேட்கிறது. ஏனெனில் மனித விருப்பம் கட்டிய தடையை மனித விருப்பம் அகற்றவும் கூடும்.

அறநெறித் தீமையை இயற்கைத் தீமை போலக் காட்டிக்கொள்வது மனிதரின் பழைய தந்திரம். "காலம் அப்படி" என்கிறோம். "அவர்களுக்கும் நமக்கும் ரொம்பத் தூரமாகிவிட்டது" என்கிறோம், ஏதோ நிலநடுக்கம் வந்து ஊர்கள் தாமே விலகிப் போனதுபோல. தூரம் ஆயிற்று என்ற சொல்லில் செய்தவர் மறைந்துவிடுகிறார். தூரம் ஆக்கினோம் என்று சொல்ல நா எழுவதில்லை.

மூடிய வானம் நேரத்தை மட்டுமே விழுங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஃபின்னேர் துருவ வழியில் பறக்கத் தொடங்கிய அதே 1983-ஆம் ஆண்டில், செப்டம்பர் 1-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சியோலுக்குச் சென்றுகொண்டிருந்த கொரிய விமானம் ஒன்று வழி தவறியது. தன் பாதையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் விலகி, கம்சாத்கா, சகாலின் பகுதிகளின் மேலே மூடிய வானுக்குள் புகுந்துவிட்டது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இருளில் வேலியைத் தாண்டிவிட்டோம் என்பதே அம்மக்களுக்குத் தெரியாது.

அத்துயரத்திலிருந்து இரண்டு நன்மைகள் பிறந்தன என்பதையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் வழியாக இடமறியும் தன் அமைப்பு உருவானதும் உலகின் பொதுப் பயணத்துக்கும் அதைக் கட்டணமின்றித் தருவதாக அமெரிக்க அரசு அதே மாதத்தில் அறிவித்தது. இன்று நம் கைப்பேசி வழி காட்டுவதற்குப் பின்னால் அந்த அறிவிப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1984 மே மாதத்தில், பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானத்தின்மேல் எந்த அரசும் ஆயுதம் பயன்படுத்தலாகாது என்ற விதியை உலக நாடுகள் அனைத்துலக வான்பயண ஒப்பந்தத்தில் சேர்த்தன. இவ்வளவு எளிய நீதியை எழுத்தில் வடிக்க 269 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

அந்த ஒப்பந்தம் 1944-இல் சிகாகோ நகரில் உருவானது. ஒவ்வோர் அரசுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உண்டு என்பது அதன் முதற் கூறு. ஆகவே வானை மூடுவது சட்டப்படி குற்றம் அன்று. அறத்தின்படி? இங்கே நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேலி போட்டவர் எல்லாரும் பகைவர் அல்லர். வேலி இல்லாத இடமெல்லாம் நட்பும் அன்று. அண்டை வீட்டானை அடித்து அவன் நிலத்தைப் பிடுங்கியவனிடம், "நீ என் வாசலில் வராதே" என்று ஊரார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படிச் சொல்லாமல் வழக்கம்போல் கொடுக்கல் வாங்கல் நடத்துவது, அடிபட்டவனுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகவும் ஆகலாம். எனவே, மூடிய வானைக் கண்டதும் மூடிய இரு தரப்பாரையும் ஒரே தராசில் வைத்து, "எல்லாரும் சண்டைக்காரர்கள்" என்று கை கழுவிவிடுவது நீதியாகாது.

இன்னொன்றும் உண்டு. சைபீரிய வானம் திறந்திருந்த ஆண்டுகளில் அந்த வழியை நாம் சமாதானம் என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில் அது வணிகமாகவே இருந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் அவ்வழிக்காகக் கட்டணம் செலுத்தின, ரஷ்யா பெற்றுக்கொண்டது. இரு தரப்பாருக்கும் ஆதாயம். விமானம் பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறந்தது. கீழே இருந்த மக்களை மேலே இருந்தவர் பார்க்கவில்லை, அவர்களும் இவர்களைப் பார்க்கவில்லை. ஒருவரைக் கடந்து செல்வதும் ஒருவரிடம் செல்வதும் வெவ்வேறு. பயண நேரம் குறைந்ததால் மக்கள் நெருங்கிவிட்டார்கள் என்று எண்ணியதே நம் காலத்தின் பெரிய மயக்கம். வழி இருந்தது, உறவு வளரவில்லை. அதனால்தான் வழி ஒரே நாளில் அடைபட முடிந்தது.

அடைபட்ட வழியின் சுமையைச் சுமப்பவர் யார் என்று பார்ப்போம். நம் ஊர்களில் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை பங்காளி ஒருவரின் நிலத்தின் ஓரமாகச் செல்வது உண்டு. பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வந்ததும் பாதையின் குறுக்கே முள்வேலி விழும். கண்ணெதிரே தெரியும் களத்துக்கு ஏரிக்கரையைச் சுற்றிச் செல்ல வேண்டியதாகும். சண்டையிட்ட இருவரும் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். நெற்கட்டைத் தலையில் சுமந்து ஏரிக்கரையைச் சுற்றி நடப்பவர் அன்றாடக் கூலிக்கு வந்த தொழிலாளி. அவருக்கும் அந்தச் சண்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரிய அரசுகளின் பகையிலும் இதுவே நடக்கிறது. மூன்றரை மணி நேரக் கூடுதல் எரிபொருளின் விலை பயணச்சீட்டில் ஏறுகிறது. அதன் புகை எல்லாரும் மூச்சுவிடும் காற்றில் கலக்கிறது. படையெடுப்புக்கு ஆணையிட்டவர் எவரும் அந்தச் சுற்றுவழியில் உட்கார்ந்து கால் மரத்துப்போவதில்லை.

வேலியின் முன் எல்லாரும் சமமாகவும் இல்லை. ரஷ்யாவோடு பகை கொள்ளாத நாடுகளின் விமானங்கள், சீன நிறுவனங்களின் விமானங்கள் போன்றவை, அதே ஐரோப்பாவுக்குச் சைபீரிய வழியாகவே தொடர்ந்து பறந்தன. ஆக, ஒரே இரு ஊர்களுக்கு இடையே ஒருவருக்கு ஒரு தூரம், மற்றொருவருக்கு வேறொரு தூரம். நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 2019-இலும், மீண்டும் 2025 ஏப்ரலிலும், இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே வானம் மூடப்பட்டபோது, தில்லியிலிருந்து மேற்கே சென்ற இந்திய விமானங்கள் அரபிக் கடலின் பக்கமாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

மிக வியப்பானது வேறொன்று. ஹெல்சிங்கிக்கும் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்கும் இடையே நேர்த் தொலைவு 300 கிலோமீட்டர்தான். 2010 முதல் "அல்லெக்ரோ" என்ற விரைவு ரயில் மூன்றரை மணி நேரத்தில் இவ்விரு நகரங்களையும் இணைத்தது. 2022 மார்ச் 27-ஆம் நாளோடு அது நின்றுபோயிற்று. 7,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டோக்கியோ சுற்றிச் சென்றாலும் பதின்மூன்று மணியில் கைக்கெட்டியது. பக்கத்து ஊருக்கோ செல்ல ரயிலே இல்லாமற்போயிற்று. சென்னையில் இருந்துகொண்டு வெளிநாட்டிலுள்ள மகனோடு நாள்தோறும் பேசும் நாம், அடுத்த தெருவிலுள்ள உடன்பிறப்போடு ஆண்டுக்கணக்கில் பேசாமலிருப்பதை இது நினைவூட்டவில்லையா?

அப்படியானால் அடைபட்ட வானத்தின் கீழ் நாம் செய்யக்கூடியது என்ன? வரலாறு சில சிறு வெளிச்சங்களைக் காட்டுகிறது.

பனிப்போரின் நடுவிலேயே, 1967-இல், சோவியத் நிறுவனமும் ஜப்பானிய நிறுவனமும் சேர்ந்து மாஸ்கோவுக்கும் டோக்கியோவுக்கும் இடையே சைபீரிய வழியாக விமானப் போக்குவரத்தைத் தொடங்கின. விமானம் சோவியத் நாட்டினது; அதன் உடலில் இரு நிறுவனங்களின் பெயர்களும் இருந்தன. பகை தீர்ந்தபின் பாதை திறக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

திருத்தந்தையர் விமானத்தில் செல்லும்போது, எந்த நாட்டின் வானைக் கடக்கிறார்களோ அந்நாட்டின் தலைவருக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவது மரபு. 1989-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தென்கொரியாவுக்குச் சென்றபோது, சீனா தன் வானில் பறக்க அவருக்கு இசைவு தரவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து, 2014 ஆகஸ்டில், திருத்தந்தை பிரான்சிஸ் அதே கொரியாவுக்குச் சென்றபோது சீனா வழி விட்டது. அவரும் சீன அதிபருக்கும் மக்களுக்கும் வாழ்த்து அனுப்பினார். இரு தரப்பாருக்கும் இடையிலிருந்த சிக்கல்கள் அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆயினும், முன்பு அடைபட்டிருந்த வானில் ஒரு வாழ்த்து சென்றது. சில வேளைகளில் வாழ்த்து முதலில் செல்ல வேண்டும். தீர்வு பின்னால் வரும்.

மூன்றாவது நிகழ்வு 2023 ஜூன் 6-ஆம் நாள் நடந்தது. தில்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கு ரஷ்ய வான் வழியே சென்ற ஏர் இந்தியா விமானம், எந்திரக் கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள மகதான் நகரில் இறங்கியது. 216 பயணிகள், அவர்களுள் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தனர். ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒன்றையொன்று கடுமையாகத் தூற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஸ்டாலின் காலத்தில் கைதிகள் கப்பல் கப்பலாக இறக்கப்பட்ட கொடுமையான துறைமுகம் என்று பெயர் பெற்ற ஊர் அது. அங்கே போதிய விடுதிகள் இல்லாததால், பள்ளிக் கட்டடத்திலும் மாணவர் விடுதிகளிலும் மெத்தைகள் விரித்துப் பயணிகளுக்கு இடம் தந்தார்கள். மொழி புரியவில்லை, உணவு பழக்கமில்லை, ஆனால் ஊரார் அன்பாக நடந்துகொண்டதாகப் பயணிகள் சொன்னார்கள். ஜூன் 8-ஆம் நாள் மாற்று விமானம் வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. கோளாறு ஏற்படாதிருந்தால், அம்மக்கள் மகதானை மேகங்களுக்கு மேலே ஒரு நிமிடத்தில் கடந்து போயிருப்பார்கள்; அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்திராது. கடந்து செல்வதற்கும் சென்று சேர்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவற்றிலிருந்து நான் பெறும் பாடம் எளியது. தூரத்தின் ஒரு பகுதி படைப்பின் அளவு. அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்றொரு பகுதி மனித விருப்பம் சேர்த்தது; அதற்கு யாரோ ஒருவர் பொறுப்பு. அந்தப் பகுதியை அளந்து, அதில் நம் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவதே நேர்மை. அநீதிக்கு எதிராக நாம் போட்ட வேலியா அது, அல்லது நம் வீம்புக்காகப் போட்ட வேலியா? அநீதி தீர்ந்தபின்னும் வேலியை அகற்ற மறந்துவிட்டோமா? நம் வேலியால் தலைச்சுமையோடு சுற்றி நடப்பவர் யார்?

நேர்வழியை அடைத்தவர் வேறொருவராக இருந்து, அதைத் திறக்கும் ஆற்றல் நமக்கு இல்லையென்றால்? அப்போது சுற்றுவழி இருக்கிறது. வழி மூடப்பட்டதும் ஹெல்சிங்கி டோக்கியோவை மறந்துவிடவில்லை. இரண்டு வாரங்களுக்குள் துருவத்தைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. நெடுந்தூரம்தான், கூடுதல் செலவுதான். ஆயினும் போக்குவரத்து அற்றுப்போகவில்லை. மனம் மூடிக்கொண்ட உறவினரிடத்தில் நேரே பேச முடியாதபோது, அவர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, நோயுற்ற நாளில் வேறொருவர் வழியாக ஒரு விசாரிப்பு, ஊர்த் திருவிழாவில் எதிர்ப்படும்போது முகம் திருப்பாமல் நிற்றல்: இவையெல்லாம் சுற்றுவழிகளே. இவற்றுக்கு நேரம் ஆகும். சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகும். நேர்வழி திறக்கும் நாளில், இடைவிடாமல் சுற்றி வந்தவரையே அவ்வீட்டார் அடையாளம் கண்டு உள்ளே அழைப்பார்கள்.